எல்லை காட்டப் போகிறீர்களா?

ஈப்போவிலிருந்து பிள்ளைகளுக்குச் சிலாங்கூர் எல்லையைக் காட்ட நெடுஞ்சாலை வேண்டாம். கம்பார், தாப்பா, பீடோர், சிலிம் ரிவர் வழியாகப் பழைய சாலையில் போங்கள். தஞ்சோங் மாலிமில் பெர்ணம் ஆறுதான் எல்லை. இக்கரை பேராக், அக்கரை சிலாங்கூரின் உலு பெர்ணம். பாலத்தில் காரை நிறுத்தாதீர்கள். ஊருக்குள் நிறுத்திவிட்டு, சின்னவர்கள் கையைப் பிடித்து நடந்தே கடக்கலாம்.

வழியில் ரப்பர் நின்ற பல இடங்களில் இப்போது செம்பனை. பாட்டி பால்மரம் வெட்டிய தோட்டம் அந்தப் பக்கம் என்றால் அவரை முன்சீட்டில் உட்கார வையுங்கள். லயம் எங்கே, கோயில் எங்கே என்று அவர் காட்டுவது எந்தப் பலகையிலும் கிடையாது. தோட்டத்துக்குள் நுழையுமுன் காவலரிடம் அனுமதி கேளுங்கள்.

கிளந்தான் எல்லையைக் காட்டப் போகிறீர்களா? வழியில் கிரிக் ஊரிலேயே எண்ணெய் நிரப்புங்கள். அதற்கப்பால் யானை கடக்கும் சாலை, இருட்டுமுன் திரும்பிவிடுங்கள்.