‘எல்லா கம்ப்யூட்டருக்கும் வரும் சார்’ என்று சொல்லி விற்ற பிரிண்டர்

கேள்வி: வக்கீல் ஐயா, திருவண்ணாமலை தேரடி வீதிப் பக்கம் ஜாதகம் கணித்து அச்சிட்டுக் கொடுக்கும் சின்னக் கடை நடத்துகிறேன். உதவிக்கு ஒரு பெண் இருக்கிறார். டாஸில் ஓடும் பழைய கம்ப்யூட்டரில்தான் வேலை. வாக்கியப் பஞ்சாங்கப்படி கணக்குப் போடும் மென்பொருளும் இத்தனை வருட வாடிக்கையாளர்களின் ஜாதகங்களும் அதில்தான் இருக்கின்றன. போன மாதம் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் நின்றுபோனது. சென்னையில் ஒரு கடைக்குக் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, “இதற்கு வேலை செய்கிற பிரிண்டர் வேண்டும்” என்று கேட்டேன். “எல்லா கம்ப்யூட்டருக்கும் வரும் சார், கேபிள் சேர்த்து அனுப்புகிறோம்” என்று பதில் வந்தது. பணம் அனுப்பினேன். பார்சலில் லேசர் பிரிண்டரும் ஒரு கேபிளும் வந்தன. கேபிளின் எந்த முனையும் எங்கும் பொருந்தவில்லை. கம்பெனி சர்வீஸ் ஆள் தன் லேப்டாப்பில் போட்டுப் பார்த்து, பிரிண்டர் நன்றாக இருக்கிறது என்றார். பில்லில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று முத்திரை இருப்பதைக் காட்டிக் கடைக்காரர் கைவிரிக்கிறார். பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தை நம்பித்தான் என் பிழைப்பு. பிரிண்டர் கம்பெனி மீது வழக்குப் போடலாமா? தெரிந்த பையன் ஒருவன், மென்பொருளின் டாங்கிள் பூட்டை (கம்ப்யூட்டரில் செருகியிருந்தால்தான் மென்பொருள் ஓடும் சின்னச் சாதனம்) உடைத்துப் புது கம்ப்யூட்டருக்கு மாற்றித் தருகிறேன் என்கிறான். மென்பொருளை விற்ற நிறுவனம் மூடியாகிவிட்டது. பூட்டை உடைப்பது குற்றமா?

— வாசகர், திருவண்ணாமலை

பதில்: கம்பெனியை விட்டுவிடுங்கள். பிரிண்டரில் பழுதில்லை என்று சர்வீஸ் ஆளே சொல்லிவிட்டார். பழுதில்லாத பொருளைச் செய்தவர் மீது வழக்கு நிற்காது. உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர். அவர் கொடுத்த வாக்குதான் பொய்த்திருக்கிறது.

சரக்கு விற்பனைச் சட்டம் 1930-இன் 16-ஆவது பிரிவு இதற்கென்றே இருக்கிறது. பொதுவாக, வாங்குகிறவர்தான் பார்த்து வாங்க வேண்டும். ஆனால் பொருள் எந்த வேலைக்கு வேண்டும் என்று வாங்குகிறவர் விற்பவரிடம் சொல்லி, அவருடைய அனுபவத்தை நம்பி வாங்கியிருந்தால், பொருள் அந்த வேலைக்குப் பொருந்த வேண்டும் என்பது விற்பனையின் நிபந்தனையாகிவிடும். பில்லில் எழுதியிருக்க வேண்டியதில்லை. நிபந்தனை மீறப்பட்டால் பொருளை மறுக்கலாம். வேறு கம்ப்யூட்டரில் அது ஓடுகிறது என்பது இதற்குப் பதிலாகாது. நீங்கள் கேட்டது உங்கள் கம்ப்யூட்டருக்கு.

இதே பிரிவில் ஒரு விலக்கும் உண்டு. இன்ன கம்பெனியின் இன்ன மாடல்தான் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. அதனால்தான் உங்கள் வாட்ஸ்அப் செய்தியை உங்கள் வழக்கின் உயிர் என்கிறேன். அதில் நீங்கள் மாடல் பெயர் கேட்கவில்லை. கம்ப்யூட்டரைக் காட்டித் தேவையைச் சொல்லியிருக்கிறீர்கள்.

அந்தக் கேபிளையும் பத்திரமாக வையுங்கள். உங்கள் கம்ப்யூட்டரின் பின்னால் இருப்பது பிரிண்டருக்கான 25 துளைச் சாக்கெட். வந்த லேசர் பிரிண்டரில் யுஎஸ்பி மட்டுமே இருக்கும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற மாற்றுக் கேபிளின் ஒரு முனை யுஎஸ்பி, மறுமுனை 36 முனைகள் கொண்ட அகலமான பிளக். உங்களுக்கு வந்ததும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். புது கம்ப்யூட்டரில் பழைய பிரிண்டரை மாட்டுவதற்காகச் செய்தது அது. உங்கள் தேவை நேர் எதிர்த்திசை. சரியான முனைகளோடு ஒரு கேபிள் கிடைத்தாலும் பயனிருக்காது. டாஸ் மென்பொருள், டாட் மேட்ரிக்ஸுக்குப் புரியும் கட்டளைகளை நேரே அந்தச் சாக்கெட்டுக்கு அனுப்புகிறது. இன்றைய மலிவு விலை லேசர்களில் பெரும்பாலானவை, விண்டோஸ் போன்ற ஒன்று பக்கத்தை முழுதாக வரைந்து அனுப்பினால்தான் அச்சிடும். போட்டோவைப் பார்த்த பிறகும் இந்தக் கேபிளைச் சேர்த்து அனுப்பியவர், தெரிந்து சொல்லியிருந்தாலும் தெரியாமல் சொல்லியிருந்தாலும், சொன்னது தவறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 2(47) பிரிவு, பொருளின் பயனைப் பற்றிப் பொய்யாகச் சொல்லி விற்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. வாய்ப்பேச்சும் அதில் அடங்கும். உங்களிடமோ எழுத்தே இருக்கிறது.

முத்திரையைப் பார்த்து மலைக்காதீர்கள். பொருள் பிடிக்கவில்லை, நிறம் சரியில்லை என்று திருப்ப வருகிறவருக்குத்தான் அது பதில். பொருந்தும் என்று சொல்லிப் பொருந்தாததைத் தந்தவருக்கு அது கேடயமாகாது. ஆனால் நீங்கள் காலம் கடத்தக் கூடாது. மறுக்கிறேன் என்று தெரிவிக்காமல் நியாயமான காலத்துக்கு மேல் பொருளை வைத்துக்கொண்டால் ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்கிறது சரக்கு விற்பனைச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு. பிரிண்டரை நீங்கள் செலவழித்துச் சென்னைக்கு அனுப்ப வேண்டியதில்லை. மறுப்பைத் தெரிவித்தால் போதும் என்கிறது 43-ஆவது பிரிவு. எனவே இந்த வாரமே ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். என்ன கேட்டீர்கள், என்ன சொன்னார்கள், எது வந்தது, பொருளை மறுக்கிறேன், 15 நாளில் பணத்தைத் திருப்பித் தரவும். இவ்வளவு போதும், வசவு வேண்டாம். அதுவரை பிரிண்டரை வேறு கம்ப்யூட்டரில் மாட்டி உபயோகிக்காதீர்கள்.

பணம் வராவிட்டால் நுகர்வோர் ஆணையம். அங்கே கடைக்காரரின் வக்கீல் முதலில் எழுப்பப்போகும் ஆட்சேபம், ‘இவர் வியாபாரத்துக்கு வாங்கினார், நுகர்வோரே அல்ல’ என்பது. இதைக் கேட்டுத்தான் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். நீங்கள் பின்வாங்க வேண்டாம். கோயம்புத்தூர் பிஎஸ்ஜி தொழிற்கூடத்தில் வாங்கிய இயந்திரம் தொடர்பான லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்வியை விரிவாக அலசியது. இயந்திரத்தை வாங்கிப் பெரிய அளவில் உற்பத்தி நடத்திய லட்சுமி நிறுவனம் தோற்றது. ஆனால் அந்தத் தீர்ப்பு சிறு தொழில் செய்கிறவர்களுக்குப் பெரிய துணை. அடுத்தவர் வேலையைக் கூலிக்குத் தட்டெழுதத் தட்டச்சு இயந்திரம் வாங்குகிறவரைக்கூட அதில் எடுத்துக்காட்டாகப் பேசுகிறார்கள். பிழைப்புக்காகச் சுயதொழிலாகத் தானே உபயோகிக்க வாங்கினால் அவர் நுகர்வோர்தான். ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது. உங்கள் கடைக்கு இதைவிடப் பொருத்தமான வார்த்தை வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் சட்டத்தின் 2(7) பிரிவிலும் அதே விளக்கம் இருக்கிறது. ஆனால் ‘இதுவே என் பிழைப்பு, நானே இயக்குகிறேன்’ என்ற வரி உங்கள் புகார் மனுவிலேயே இருக்க வேண்டும். நல்ல வழக்குகள் இந்த ஒரு வரி இல்லாமல் தள்ளுபடியாகின்றன.

கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் அங்கே அலைய வேண்டாம். வாங்கியவர் வசிக்கிற அல்லது தொழில் செய்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம் என்று 2019 சட்டத்தின் 34-ஆவது பிரிவு மாற்றிவிட்டது. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் புகார் பதியலாம். வாட்ஸ்அப் செய்தியை அச்சிட்டுக் கொடுக்கும்போது மின்னணுச் சாட்சியத்துக்கான, பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுச் சான்றிதழையும் இணைத்துவிடுங்கள். போனை மாற்றிவிடாதீர்கள்.

பணம், வட்டி, செலவு கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. பௌர்ணமி வருமானம் போனதற்கு இழப்பீடு வேண்டுமென்றால் முந்தைய மாதங்களின் கணக்கு நோட்டைக் காட்ட வேண்டும். லட்சங்களில் கேட்டு மனுவின் மதிப்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி டாங்கிள். நிறுவனம் மூடிவிட்டதால் மென்பொருளின் பதிப்புரிமை காற்றில் போய்விடாது. அது யாரோ ஒருவர் கையில் இருக்கும். ஆனால் முறையாக வாங்கி வைத்திருப்பவருக்குப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 52(1)(ஏஏ) பிரிவு இரண்டு உரிமை தருகிறது: வாங்கிய காரியத்துக்குப் பயன்படுத்தப் பிரதி எடுக்கலாம், அழிந்துபோனால் உதவ ஒரு காப்புப் பிரதி வைத்துக்கொள்ளலாம். பூட்டை உடைப்பது வேறு கதை. 2012-இல் சேர்ந்த 65ஏ பிரிவின்படி, உரிமையை மீறும் எண்ணத்தோடு உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. உங்களுக்கு அந்த எண்ணம் இல்லை என்று வாதிடலாம். ஆனால் உடைத்த பிரதி அந்தப் பையனின் பென்டிரைவில் ஏறி நாலு கடைக்குப் போனால், அந்த வாதத்தை யார் நம்புவார்கள்? பூட்டை உடைக்காமலே வழி இருக்கும்போது அது எதற்கு?

பழைய 25 துளைச் சாக்கெட்டுக்கு நேரே பொருந்தும் டாட் மேட்ரிக்ஸ் இன்னும் வருகிறது. எப்சன் எல்எக்ஸ்-310, டிவிஎஸ் எம்எஸ்பி 250 ஸ்டார் இரண்டிலும் யுஎஸ்பியோடு அந்த இணைப்பும் உண்டு. உங்கள் பழைய பிரிண்டர் 9 பின்னா 24 பின்னா என்று பார்த்து, அதே வகையில் வாங்குங்கள். டாஸிலிருந்து தமிழ் எழுத்து அச்சாகுமா என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வந்த பிறகு பணம் கொடுங்கள். அதற்கு முன் வேறொரு வேலை: நம்பகமான ஆளை வைத்து, உங்கள் கண்ணெதிரிலேயே அந்த ஹார்ட் டிஸ்க்கை முழுதாக ஒரு பிரதி எடுத்து, மென்பொருள் வாங்கிய பழைய பில்லோடு சேர்த்து வீட்டில் வையுங்கள்.