சண்டையே இல்லாமல் ஒரு நட்பு எப்படி விலகும்?

கேள்வி: ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை பாளையங்கோட்டையில் போர்டிங்கில் தங்கிப் படித்தேன். மணப்பாட்டிலிருந்து வந்த ஒருத்தியும் நானும் ஏழு வருஷமும் பக்கத்துப் பக்கத்துப் பாய். காலையில் குழாயடியில் அவள் வாளிக்கும் சேர்த்து நான் இடம் பிடிப்பேன். விசிட்டர்ஸ் டே அன்று அப்பா தூத்துக்குடியிலிருந்து கொண்டுவரும் மக்ரூனில் பாதி அவளுக்கு. பள்ளி முடிந்ததும் அவள் நர்சிங் படிக்க வெளியூர் போனாள். நான் ஊருக்கே வந்துவிட்டேன். ஒரு வருஷம் கடிதம் வந்தது, பிறகு நின்றுபோனது. எங்களுக்குள் சண்டை எதுவும் கிடையாது. இருபத்தைந்து வருஷம் ஆகிவிட்டது. அப்படியானால் அது உண்மையான நட்பே இல்லையா?
- வாசகி ஒருவர், தூத்துக்குடி

பதில்: அருமையான கேள்வி, அம்மா. ‘சண்டை எதுவும் கிடையாது’ என்று எழுதினீர்களே, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிடுவோம். உண்மையான நட்பு என்றால் பார்க்காமல், பேசாமல் இருந்தாலும் அப்படியே நிற்கும் என்று நம்புகிறோம். கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் கதையைப் பள்ளியில் படித்து வளர்ந்தவர்கள் நாம். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் சோழன் உண்ணாமல் உயிர்விட வடக்கிருந்தபோது பாண்டிய நாட்டுப் புலவர் தேடி வந்து சேர்ந்தார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதைக் கண்ட புலவர் பொத்தியார் புறநானூற்றில் வியந்துதான் பாடுகிறார். எல்லோருக்கும் நடப்பதாக இருந்தால் அவர் ஏன் வியக்க வேண்டும்? அபூர்வமான ஒன்றை அளவுகோலாக வைத்தால் நம் நட்பு எல்லாமே குறையுள்ளதாகத்தான் தெரியும்.

அப்படியானால் உங்கள் நட்பு எதனால் உண்டானது? முதல் காரணம் அண்மை. அதாவது, ஒருவர் கண்ணில் ஒருவர் அடிக்கடி படுவது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர் குடியிருப்பில் லியோன் ஃபெஸ்டிங்கர் குழுவினர் செய்த ஆய்வு 1950-இல் வெளிவந்தது. அங்கே பக்கத்து வீட்டுக்காரர்களே அதிகமாக நண்பர்களானார்கள். ஒரே மாடியில் சில கதவுகள் தள்ளி இருந்தாலே அது குறைந்தது. உங்களுக்கோ பக்கத்துப் பாய்!

இரண்டாவது காரணம் நேரம். நெருங்கிய நட்பு உருவாக 200 மணி நேரத்துக்குமேல் சேர்ந்து கழிக்க வேண்டும் என்று ஜெஃப்ரி ஹால் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2018-இல் கணக்கிட்டார். வகுப்பு நேரத்தைக் கழித்துவிட்டு, குழாயடி, சாப்பாடு, விளையாட்டு, விளக்கணைத்த பிறகு பேசும் ரகசியம் எல்லாம் சேர்த்து நாளைக்கு ஏழு மணி நேரம் என்று வையுங்கள். ஒரு மாதத்தில் 200 மணி தாண்டிவிடும். நீங்கள் இருந்ததோ ஏழு வருஷம்.

மூன்றாவது, ஒருவருக்கு ஒருவர் தேவைப்பட்டது. உங்கள் ஊர்க் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் ஒருவர் கடலடிக்குப் போனால், மேலே படகில் இன்னொருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கயிறு அசைந்ததும் இழுக்க வேண்டியது அவர் பொறுப்பு. வீட்டை விட்டு வந்த பதினொரு வயதுப் பிள்ளைக்கு, காய்ச்சல் வந்த இரவில் பக்கத்துப் பாயில் இருப்பவள் அப்படித்தான் துணை. அதில் பொய் எதுவும் இல்லை.

இனி, ஏன் விலகியது? அண்மை, நேரம், தேவை மூன்றும் பள்ளி முடிந்த அன்றே ஒன்றாக நின்றுவிட்டன. சாம் ராபர்ட்ஸ், ராபின் டன்பார் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இங்கிலாந்தில் பள்ளி முடித்த 30 மாணவர்களை 18 மாதங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். உணர்வு நெருக்கம், அதாவது ‘இவர் எனக்கு எவ்வளவு வேண்டியவர்’ என்று மனம் போடும் மதிப்பு, சொந்தக்காரர்களிடம் அவ்வளவாக மாறவில்லை. நண்பர்களிடம் தொடர்பு குறையக் குறைய அதுவும் குறைந்தது. பெண்களின் நட்பைப் பேச்சும், ஆண்களின் நட்பைச் சேர்ந்து செய்யும் காரியங்களும் காத்தன என்றும் கண்டார்கள். டன்பார் சொல்லும் இன்னொன்று: ஒரு மனிதரின் மிக நெருங்கிய வட்டத்தில் ஏறக்குறைய 5 பேருக்கும், அடுத்த வட்டம்வரை சேர்த்தால் 15 பேருக்கும்தான் இடம். கணவர், பிள்ளைகள், மாமியார், வேலை என்று வாழ்க்கை நிரம்பும்போது அந்த இடங்களும் நிரம்பிவிடுகின்றன. உங்கள் தோழிக்கும் அதேதான். இதில் துரோகம் எங்கே இருக்கிறது?

தூரம் மட்டும்தான் காரணமா என்றும் கேட்கலாம். இல்லை. உங்கள் மாவட்டத்திலேயே சான்று உண்டு. கோவில்பட்டி அருகே இடைசெவலில் பிறந்து வளர்ந்த நண்பர்கள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். அழகிரிசாமி பிழைப்புக்காகச் சென்னைக்கும், 1950-களில் மலேயாவுக்கும் போனார், கி.ரா. ஊரிலேயே விவசாயம் பார்த்தார். அழகிரிசாமி அவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். அந்தக் கடிதங்களைப் பத்திரப்படுத்திய கி.ரா. பின்னாளில் அவற்றைப் புத்தகமாகவே கொண்டுவந்தார். கடல் தாண்டினாலும் கடிதம் நிற்கவில்லை, நட்பும் நிற்கவில்லை.

தொடர்பு போன பிறகும் அவள் நினைவு ஏன் இவ்வளவு பசுமையாக இருக்கிறது? உளவியலில் ‘நினைவு மேடு’ என்பார்கள். நடுவயதைத் தாண்டியவர்களிடம் பழையதைச் சொல்லச் சொன்னால், ஏறக்குறைய 10 வயதிலிருந்து 30 வயதுவரை நடந்தவையே அதிகமாக வரும். எல்லாம் முதல்முறை நடக்கும் வயது அது. உங்கள் தோழி அந்த மேட்டின் உச்சியில் இருக்கிறாள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷம் கழித்து அழைத்தால் என்ன நினைப்பாளோ என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கும். பெகி லியு குழுவினர் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், நினைத்துக்கொண்டு தொடர்பு கொள்பவர்கள் எதிர்பார்ப்பதைவிட, மறுமுனையில் இருப்பவர்கள் அதிகமாகவே மகிழ்ந்தார்கள். எதிர்பாராமல் வரும்போது மகிழ்ச்சி இன்னும் கூடியது.

ஆகவே, உங்கள் நட்பு உண்மையானதுதான். அன்றாடம் அதை வளர்த்த சூழல்தான் முடிந்துபோனது. பழைய மாணவியர் யாரிடமாவது அவள் எண் இருக்கும். கேட்டு வாங்குங்கள். மன்னிப்பு, விளக்கம் எதுவும் வேண்டாம். ‘மக்ரூன் பார்த்தேன், உன் ஞாபகம் வந்தது’ என்று இன்றைக்கே ஒரு வரி அனுப்புங்கள், அம்மா.