மோடமா, ரவுட்டரா? கேட்டு வாங்குங்கள்

2017ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் ஒரு பின்னேரம் பலத்த இடி மின்னல். எனது ஹார்ட்வெயார் கடையில் இருந்த இன்டர்நெட் பெட்டியின் விளக்குகள் அத்தனையும் அணைந்து போயின. மறுநாள் காலையிலேயே டவுனுக்குப் போய் “நல்லதொரு ரவுட்டர் தாருங்கள்” என்றேன். கேட்டதைத் தந்தார்கள். மூன்று அன்டெனா, விலையும் கொஞ்சமல்ல. டெலிபோன் வயரைச் செருகினேன், உள்ளே போனது. இன்டர்நெட் மட்டும் வரவில்லை.

நான்கு நாட்கள் கொழும்பிலிருந்து வரும் விலைப்பட்டியலைப் பார்க்க முடியவில்லை. பழைய விலைக்கே பெயின்ட் விற்று நட்டப்பட்டேன். ஐந்தாம் நாள் ஊர்த் தம்பி ஒருவர் வந்து பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நானா, இது வெறும் ரவுட்டர். இதுக்குள்ள மோடம் இல்ல.”

அன்றுதான் இரண்டும் வேறு வேறு என்பது எனக்கு விளங்கியது.

வெளியிலிருந்து வரும் லைனுக்கும் நமது கருவிகளுக்கும் இடையில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர்தான் மோடம். செப்புக் கம்பியில் சமிக்ஞையாக வருவதைக் கொம்பியூட்டருக்கு விளங்கும் வடிவத்துக்கு மாற்றும். இங்கிருந்து போவதை மறுபடியும் சமிக்ஞையாக்கி அனுப்பும். டயல்-அப் காலத்தில் கீச்சிட்டுக் கொண்டிருந்த பெட்டியும் மோடம்தான். அதன் உச்ச வேகம் விநாடிக்கு 56 கிலோபிட்.

ரவுட்டரின் வேலை பங்கிடுவது. வெளியுலகுக்கு நமது கடை பொதுவாக ஒரே முகவரிதான். உள்ளே பில் போடும் கொம்பியூட்டருக்கு ஒன்று, பிரின்டருக்கு ஒன்று, மகனின் போனுக்கு ஒன்று என்று பெரும்பாலும் 192.168 எனத் தொடங்கும் உள் முகவரிகளை அது கொடுக்கிறது. வருவதை உரியவரிடம் சேர்க்கிறது. வைஃபை தருவதும் அதன் பக்கத்து வேலையே. லைன் இல்லாவிட்டாலும் வைஃபை முழுதாகக் காட்டுவது இதனால்தான்.

ஏடிஎஸ்எல் இணைப்புக்கு கம்பனிகள் தந்த பெட்டிகளில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. நாமும் ரவுட்டர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பின்பக்கத்தைப் பாருங்கள். டிஎஸ்எல் என்று எழுதிய சிறிய துவாரம் இருந்தால் உள்ளே மோடம் உண்டு. டபிள்யூஏஎன் என்ற பெரிய துவாரம் மாத்திரம் இருந்தால் அது வெறும் ரவுட்டர். டெலிபோன் பிளக் பெரிய துவாரத்திலும் நுழையும். நான் ஏமாந்தது அதில்தான்.

விற்றவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன், பிழையாகக் கேட்டவன் நான். ஆனாலும் எந்த லைனுக்கு என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நட் வாங்க வருபவரிடம் எந்த போல்ட்டுக்கு என்று கேட்காமல் நான் கொடுப்பதில்லை.

ஃபைபர் இணைப்பில் சுவரில் பொருத்தும் ஓஎன்டி என்ற பெட்டிதான் மோடத்தின் இடத்தில் இருக்கிறது. கண்ணாடி இழையில் ஒளியாக வருவதை அது மாற்றித் தருகிறது. அநேகமாக அதற்குள்ளேயே ரவுட்டரும் இருக்கும். சிம் போடும் 4ஜி பெட்டியில் மோடம் உண்டு, ஆனால் அது வானலைக்கான மோடம், டெலிபோன் கம்பிக்கு உதவாது. சில பெட்டிகள் ஒரே கம்பனியின் சிம்முக்குப் பூட்டப்பட்டிருக்கும், அதையும் கேட்டுக் கொள்ளுங்கள்.

இன்டர்நெட் மெதுவாக இருந்தால் காசைச் செலவழிக்க முன்னர் லெப்டொப்பைக் கேபிளால் நேரடியாகக் கம்பனிப் பெட்டியில் இணைத்துப் பாருங்கள். அப்போதும் மெதுவென்றால் கோளாறு பெரும்பாலும் லைன் பக்கம். ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலும் அப்படித்தான். கம்பனிக்குப் போன் பண்ணுங்கள், புதிய ரவுட்டர் வாங்கிப் பயனில்லை. கேபிளில் நன்றாக ஓடி, பின்னறையில் மட்டும் கிடைக்கவில்லை என்றால்தான் ரவுட்டர் பக்கம் பார்க்க வேண்டும். இடி முழங்கத் தொடங்க முன்னரே மின் பிளக்கையும் டெலிபோன் வயரையும் சேர்த்தே கழற்றி விடுங்கள். செப்புக் கம்பி வழியாகவும் மின்னல் பாயும். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது, ஆனால் ஃபைபர் பெட்டிக்கும் மின் பிளக் இருக்கிறது.

அந்த மூன்று அன்டெனா பெட்டி வீணாகவில்லை. கடைக்கு ஃபைபர் வந்த பிறகு பின்பக்க ஸ்டோருக்குக் கேபிள் இழுத்து அதை மாட்டினோம். முதலில் இரண்டு பெட்டிகளும் தனித்தனியே முகவரி கொடுத்ததால், ஸ்டோரில் இருந்த பிரின்டர் முன்பக்கக் கொம்பியூட்டருக்குத் தெரியவேயில்லை. அதே தம்பி வந்து செட்டிங்கில் ‘அக்ஸஸ் பொயின்ட்’ என்று மாற்றிவிட்டார். இப்போது முன்னால் பில் போட, பின்னால் சரக்குச் சிட்டை வருகிறது.