குட்டி போடும் மீன்கள் – வயிற்றுக்குள்ளே சாப்பாடு எப்படி?



"மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு மீனோட கர்ப்பத்துல என்னப்பா வேலை?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. வேலை இருக்கிறது. கடைசி வரை படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

புதுக்கோட்டை மாவட்டம் என்றதும் குடைவரைக் கோயிலும் கண்மாயும் முந்திரித் தோப்பும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று நமக்கு ஒரு கடற்கரையும் உண்டு. நான் அந்தப் பக்கத்துப் பையன். பாக் விரிகுடாவில் திருக்கையும் சுறாவும் வலையில் வரும். வயிறு பெருத்த திருக்கையை அறுத்தால் உள்ளே முட்டை இருக்காது. தாயைப் போலவே வாலும் இறக்கையுமாகக் குட்டிகள் இருக்கும். "மீனுன்னா முட்டைதானே போடும்?" என்று நினைப்பவர்கள் இதைப் பார்த்தால் அசந்து போவார்கள்.

சரி, அந்தக் குட்டி உள்ளே இருந்த மாதங்களில் எதைச் சாப்பிட்டு வளர்ந்தது? இந்தக் கட்டுரையின் கேள்வி அதுதான்.

தராசு சொல்லும் கணக்கு

இந்தக் கேள்விக்கு விஞ்ஞானிகள் பதில் தேடிய முறை நமக்கு நன்றாகப் பழக்கமானதுதான். இன்புட், அவுட்புட், லாஸ் என்று என்ஜினுக்குக் கணக்குப் போடுகிறோம் அல்லவா? அதே கணக்கு. கருவுற்ற முட்டையை ஈரம் போக உலர்த்தி எடை போடுகிறார்கள். பிறக்கப்போகும் குட்டியையும் அதே மாதிரி உலர்த்தி எடை போடுகிறார்கள். குட்டி உயிரோடு இருக்க, மூச்சுவிட, வளர எரிபொருள் செலவாகும். எனவே முட்டையில் இருந்த உணவை மட்டும் வைத்து வளர்ந்த குட்டி, முட்டையைவிட எடை குறைந்துதான் இருக்க வேண்டும். ஏறத்தாழ கால் பங்கோ அதற்கு மேலோ குறையும். அப்படிக் குறையாமல் எடை கூடியிருந்தால், நடுவில் தாய் எதையோ ஊட்டியிருக்கிறாள் என்று பொருள். எவ்வளவு கூடியிருக்கிறதோ, அவ்வளவு தாயின் கைச்செலவு!

கட்டுச்சோறு கட்டிக்கொடுக்கும் தாய்

முதல் வகைத் தாய், பயணத்துக்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுப்பவள். பெரிய மஞ்சள் கருவோடு முட்டையை உருவாக்கி, வெளியே விடாமல் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொள்வாள். குட்டி அந்த மஞ்சள் கருவைத் தின்று வளரும். தாய் தருவது பாதுகாப்பும் பிராணவாயுவும்தான்.

வேளா மீன் இந்த வகை. ரம்பம் போன்ற மூக்கு உடைய மீன் அது. "ரம்பத்தோட பிறந்தா தாய் வயிறு கிழியாதா?" என்று கேட்கலாம். பிறக்கும்போது அந்த ரம்பத்தின் மேல் வழவழப்பான உறை ஒன்று மூடியிருக்கும். பிறந்த பிறகு அது கழன்றுவிடும். நம் கட்டிங் டூலுக்குப் போடுகிற கவர் மாதிரி!

கொசுப் புழுவைத் தின்பதற்காகக் கிணற்றிலும் தொட்டியிலும் விடுகிறார்களே, அந்தக் கப்பி மீனும் பெரும்பாலும் இதே வகைதான். 1908-இல் அது இந்தியாவுக்கு வந்தது. அதன் குட்டிகள் சினைப்பையின் உள்ளேயே, முட்டை உண்டான அதே இடத்தில் வளர்கின்றன.

பால் ஊட்டும் திருக்கை

இரண்டாம் வகைதான் நம் திருக்கை. முதலில் கொஞ்சம் மஞ்சள் கரு இருக்கும். அது தீர்ந்ததும் தாயின் கருப்பைச் சுவரிலிருந்து பால் போன்ற திரவம் சுரக்கும். கொழுப்பும் புரதமும் நிறைந்த அதற்குக் கருப்பைப் பால் என்றே பெயர். மீனுக்கு மார்பு கிடையாது. ஆனால் பால் உண்டு!

சுவரிலிருந்து மெல்லிய விரல்கள் போன்ற இழைகள் ஆயிரக்கணக்கில் நீட்டிக்கொண்டிருக்கும். பால் சுரப்பது இந்த இழைகள்தான். வண்ணத்துப்பூச்சி போல் இறக்கை அகன்ற ஒரு வகைத் திருக்கையில், இந்த இழைகள் குட்டியின் கண்ணுக்குப் பின்னால் உள்ள மூச்சுத்துளை வழியாகத் தொண்டைக்குள்ளேயே நுழைந்து பாலை இறக்குகின்றன. இதை 1891-இல் உலகுக்குச் சொன்னவர்கள் கல்கத்தாவில் பணியாற்றிய உட்-மேசனும், 'இன்வெஸ்டிகேட்டர்' ஆய்வுக் கப்பலில் இருந்த ஆல்காக்கும். அவர்கள் ஆராய்ந்தது நம் வங்கக் கடல் மீன்களைத்தான்.

தொப்புள்கொடி உள்ள சுறா

மூன்றாம் வகைதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். பால்சுறாவுக்கும் கொம்பன் சுறாவுக்கும் மனிதனைப் போலவே தொப்புள்கொடி உண்டு. மஞ்சள் கரு தீர்ந்ததும் அந்தக் காலிப் பை வீணாவதில்லை. அது மடிந்து சுருங்கித் தாயின் கருப்பைச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. பையையும் குட்டியையும் இணைத்த காம்பு, தொப்புள்கொடியாக மாறுகிறது. தாயின் இரத்தமும் குட்டியின் இரத்தமும் கலப்பதில்லை. நடுவில் உள்ள மெல்லிய திசு வழியாகச் சத்து மட்டும் இந்தப் பக்கம் வருகிறது. நம்ம ஹீட் எக்ஸ்சேஞ்சரில் இரண்டு திரவம் கலக்காமல் வெப்பம் மட்டும் கடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பிறந்த குட்டியின் முன்துடுப்புகளுக்கு நடுவே கொடி அறுந்த தழும்பைக் காணலாம். நாளடைவில் அது மறைந்துவிடும்.

சுறாவின் இந்தக் கொடியைக் கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் எழுதிவைத்தார். பலர் நம்பவில்லை. 1842-இல் ஜெர்மனியின் யோகான்னஸ் முல்லர்தான் அது உண்மை என்று நிறுவினார். நம் நாட்டிலும் இந்தப் படிப்பு நடந்திருக்கிறது. லக்னோவில் பேராசிரியராக இருந்த ஈ. எம். தில்லையம்பலம் என்ற தமிழ்ப் பெண்மணி, 1928-இல் ஸ்கோலியோடான் என்ற சிறிய சுறாவைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1940-இல் ஜி. மகாதேவன் இந்தியச் சுறா, திருக்கைகளின் கருப்பை அமைப்பைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்.

அந்த ஸ்கோலியோடானின் முட்டை சுமார் 1 மில்லிமீட்டர்தான். சுறா இனத்திலேயே மிகச் சிறியது. அதாவது அரை மில்லிகிராம் அளவு. பிறக்கும் குட்டியோ 12 முதல் 15 சென்டிமீட்டர் நீளம். அதன் எடையை 5 கிராம் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் 10,000 மடங்கு! அத்தனையும் தாய் கொடுத்தது. கட்டுச்சோறு என்று அவள் எதுவுமே கட்டிவிடவில்லை. தினமும் சூடாகச் சமைத்துப் போட்டிருக்கிறாள்.

பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் ஊற நம் வீடுகளில் சுறாப்புட்டு கொடுப்பார்கள். அந்தச் சுறாவும் ஒரு தாயாக இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

இதனால் நமக்கு என்ன?

இங்கேதான் நண்பர்களே, விஷயம் இருக்கிறது. மத்தி மீன் ஆயிரக்கணக்கில் முட்டை போடும். பெரும்பகுதி அழிந்தாலும் மிச்சம் பிழைத்துக் கூட்டம் பெருகும். குட்டி போடும் மீன் அப்படியல்ல. பால்சுறா ஒரு ஈற்றுக்கு 1 முதல் 8 குட்டிதான் போடும். சுமக்கும் காலம் ஏறத்தாழ ஒரு வருடம். திருக்கைக்கும் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணும் குட்டிகள்தான். பெரிய முதலீடு, குறைந்த உற்பத்தி. தாய் ஒன்று வலையில் போனால் அந்த வருடத்துக் குட்டிகளும் சேர்ந்து போய்விடுகின்றன.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நல்ல திட்டம்தான். ஆனால் ஒரு வருடம் சுமக்கும் தாய்க்கு 61 நாள் எப்படிப் போதும்? வேளா மீன் அருகிப்போய், 2001-இல் அதைப் பிடிப்பதையே சட்டம் தடை செய்யும் நிலை வந்தது. சுறாவுக்கும் திருக்கைக்கும் அந்த நிலை வர வேண்டுமா?

"டீசல் காசுக்கே வழியில்லை, வலையில வந்ததை எப்படித் தம்பி விடுறது?" என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கரையில் உட்கார்ந்துகொண்டு அவர்களுக்கு உபதேசம் செய்ய எனக்குத் தகுதியில்லை. ஆனால் உயிரோடு வரும் சினைத் திருக்கையைக் கடலில் விட்டால், அடுத்த சில வருடங்களில் அது யார் வலைக்கு மீனாகத் திரும்பி வரும் என்ற கணக்கையும் அவர்களோடு உட்கார்ந்து போட்டுப் பார்க்கலாம்.

நம்மால் முடிந்தது இன்னொன்றும் இருக்கிறது. வலையின் கண்ணளவு, மடியிலிருந்து பெரிய மீன் தப்பிக்கும் வழி, இதெல்லாம் டிசைன் சமாச்சாரம். அது நம் வேலை. வேண்டாத மீனை வெளியே விட்டு வேண்டிய மீனை வைத்துக்கொள்ளும் வலை மடி, நம் மாணவர் ஒருவரின் புராஜெக்டாக ஏன் இருக்கக் கூடாது? தலைப்புத் தேடிக்கொண்டிருக்கும் இறுதியாண்டு நண்பர்கள் யோசியுங்கள். கடற்கரைக்குக் கூட்டிப்போக நான் தயார்!