ஸ்டெபிலைசர் பெட்டிக்குள் இருக்கும் போல்ட்டு

கோடை வந்தால் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பக்கம் கரண்ட் ஏறி இறங்குவது வணிகர்களாகிய நமக்குப் புதிதல்ல. பால், ஐஸ்கிரீம் பெட்டி கெடாமலிருக்க ஸ்டெபிலைசர் வைக்கிறோம். வாங்கும்போது ஆயிரம் கேள்வி கேட்கும் நாம், பழுது பார்த்து வரும்போது ஒன்றும் கேட்பதில்லை.

எங்கள் கடையிலும் அப்படித்தான் நடந்தது. பழைய சதுர டிரான்ஸ்பார்மரை எடுத்துவிட்டு, சும்மாடு போன்ற வளைய டிரான்ஸ்பார்மர் போட்டுக் கொடுத்தார் மெக்கானிக். அவர் மேஜையில், மூடி இல்லாமல் நன்றாக ஓடியது. கடையில் மூடியை முடுக்கி ஸ்விட்சைப் போட்டதும் உறுமல், வார்னிஷ் கருகும் வாடை, பியூஸ் போயிற்று. கரண்டைத் திட்டிக்கொண்டே இன்னும் இரண்டு பியூஸ் மாற்றினோம். கடைசியில் வயதான எலக்ட்ரீசியன் ஒருவர் மூடியைத் திருப்பி, உட்புறம் பெயிண்ட் உரிந்து மின்னிய ஒரு புள்ளியைக் காட்டினார். நடுவிலுள்ள போல்ட்டின் நுனி மூடியைத் தொட்டிருக்கிறது.

தொட்டால் என்ன? 1831இல் பாரடே இரும்பு வளையத்தில் கம்பி சுற்றிக் கண்ட உண்மைதான் இது. வளையத்தின் துளை வழியே போய்த் திரும்பும் எந்த உலோகமும் ஒரு சுற்றுக் கம்பிக்குச் சமம். அடித்தகடு, போல்ட்டு, மூடி, பக்கத் தகடு எல்லாம் சேர்ந்து அந்தச் சுற்றாகிவிட்டன. அதில் எழுவது ஒரு வோல்டோ அதற்கும் குறைவோதான். ஆனால் தடை அநேகமாக இல்லாததால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்துவிடும். போல்ட்டு ஒரு முனையில் மட்டும் பெட்டியைத் தொடலாம். இரு முனையும் கூடவே கூடாது. பெயிண்டை நம்பக் கூடாது.

வளையத்தின் கீழும் மேலும் ரப்பர் வட்டு, மேலே கிண்ண வாஷர், நடுவில் ஒரே போல்ட்டு என்பது முறை. அசையாத அளவு முடுக்கினால் போதும். மிஞ்சினால் கம்பியின் எனாமல் நசுங்கும். பெட்டிக்கு எர்த் கட்டாயம் வேண்டும், அதுவும் பெயிண்டைச் சுரண்டிய இடத்தில். 2015 டிசம்பரில் முடிச்சூரில் வெள்ளம் புகுந்ததை மறந்திருக்க மாட்டோம். நனைந்த பெட்டியைச் சோதிக்காமல் செருகக் கூடாது.

இன்னொன்று நம் பழக்கம். இடம் இல்லையென்று பருப்பு மூட்டையை ஸ்டெபிலைசர் மேலேயே சாத்துகிறோம். மூடி உள்வாங்கினால், சரியாகப் பொருத்திய போல்ட்டும் தொட்டுவிடும்.

பழுது பார்த்து வந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எலக்ட்ரீசியனை விட்டுப் போல்ட்டு நுனியில் களிமண் உருண்டை ஒன்றை ஒட்டி மூடியை முடுக்கித் திறக்கச் சொல்லுங்கள். நசுங்கிய மண் ஒரு விரற்கடை கனமாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் போல்ட்டை அறுக்கச் சொல்லுங்கள்.