காலைக் கவ்வும் பொறி

கேள்வி: அமெரிக்காவில் கயோட்டி என்னும் ஓநாய் இன விலங்கைப் பிடிக்க வைக்கும் இரும்புப் பொறி அதன் காலை ஒடித்துவிடாதா?
– வாசகர், தேனி

பதில்: பொறியைப் பொறுத்தது. பழைய படங்களில் பார்க்கும் பல் வைத்த தாடை நிச்சயம் குதறிவிடும். அதைப் பல மாநிலங்கள் தடை செய்துவிட்டன. கயோட்டிக்குத் தாடை 5, 6 அங்குலம் விரியும் சுருள்வில் பொறி போதும். கடையில் வாங்கியதை அப்படியே மண்ணில் புதைப்பதுதான் தவறு. தாடையின் ஓரத்தில் இரும்புக் கம்பியைப் பற்றவைத்து, அரத்தால் ராவி மழுக்க வேண்டும். விளிம்பு தடித்தால் அழுத்தம் பரவும், தோல் கிழியாது. மூடிய பிறகும் தாடைகளுக்கிடையே கால் அங்குல இடைவெளி இருந்தால் ரத்த ஓட்டம் அவ்வளவாகத் தடைபடாது. சங்கிலியைப் பொறியின் ஓரத்தில் கோக்காமல் அடிப்பகுதியின் நடுவில், சுழலும் வளையத்தோடு கோக்க வேண்டும். மிருகம் எப்படிச் சுற்றினாலும் பொறியும் கூடவே திரும்பும், கால் முறுக்கிக்கொள்ளாது. எனக்கு இதுவே எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. மிதிதட்டை ஒரு கிலோ எடைக்குக் குறையாமல் இறுக்கினால், முயல், அணில் போன்றவை மிதித்தாலும் பெரும்பாலும் விசை விடுபடாது.

இவ்வளவு செய்தாலும் வலி இல்லாமல் போகாது. தினமும் விடிந்ததும் போய்ப் பார்க்க முடியாதவர் பொறியே வைக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 1991-இல் சட்டம் இயற்றி, 1995 முதல் இவ்வகைப் பொறிகளை அடியோடு விலக்கிவிட்டது.