முட்டி தேறிய பிறகும் பெஞ்சில்தான் இருந்தேன்

யாரும் என்னை இடிக்கவில்லை. பந்தைத் தட்டிக்கொண்டு வலது பக்கம் ஓடி, சட்டென்று நின்று இடது பக்கம் திரும்பினேன். உடம்பு திரும்பியது, வலது பாதம் மட்டும் சிமென்ட் தரையில் ஊன்றியபடியே நின்றுவிட்டது. முட்டிக்குள் சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கீழே விழுந்து கிடந்தபோது வலியைவிட அந்தச் சத்தம்தான் பயமுறுத்தியது.

அப்போது நான் கோயம்புத்தூரில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். கூடைப்பந்துக்காக ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்தவள். 40 நிமிட ஆட்டத்தில் 30 நிமிடத்துக்குக் குறையாமல் கோர்ட்டில் இருப்பேன். ஹாஸ்டல் கட்டணச் சலுகை வருடா வருடம் ஆட்டத்தைப் பார்த்துத்தான் புதுப்பிக்கப்படும். அதனால் விழுந்த நொடியில் முட்டியோடு சேர்த்து அந்தக் கவலையும் வந்தது.

அடுத்த மேட்ச்சில் இறங்கப் பதினைந்து மாதம் ஆனது. முட்டி அதற்கு மூன்று மாதம் முன்பே தேறிவிட்டது. மிச்ச மூன்று மாதமும் பெஞ்ச். காயத்தைப் பற்றிச் சொல்ல ஆள் இருக்கிறார்கள், அந்த பெஞ்ச் நாட்களைப் பற்றிச் சொல்லத்தான் யாரும் இல்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் காயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அன்று ராத்திரிக்குள் முட்டி தேங்காய் மாதிரி வீங்கிவிட்டது. கரூரிலிருந்து அப்பா ஓடி வந்தார். "ஒண்ணுமில்ல சாமி, சுளுக்காத்தான் இருக்கும்" என்று ஊருக்கு அழைத்துப்போய் எண்ணெய்க் கட்டுப் போட்டார்கள். பதினெட்டு நாள். வீக்கம் வற்றியது, நடக்கவும் முடிந்தது, குணமாகிவிட்டதென்றே எல்லோரும் நம்பினோம். ஒரு நாள் மாடிப்படியில் திரும்பும்போது முட்டி கழன்றுகொள்வதுபோல் வழுக்கியது. அதன் பிறகுதான் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்தோம். ஏசிஎல் என்று சொல்கிறார்களே, அந்த ஜவ்வு முழுசாகக் கிழிந்திருந்தது.

தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முட்டிக்கு உள்ளே பிடித்து வைத்திருப்பது அந்த ஜவ்வு. நேராக நடக்க அது பெரிதாகத் தேவைப்படாது. நின்று திரும்பவும் குதித்து இறங்கவும் அது வேண்டும். கூடைப்பந்தில் அந்த இரண்டைத்தானே நாள் முழுக்கச் செய்கிறோம்! இந்தக் காயம் பெரும்பாலும் யாரும் இடிக்காமலேயே வருவது, பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருவது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சத்தம் கேட்டு, சில மணி நேரத்துக்குள் முட்டி வீங்கினால் எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். நேராக எலும்பு மருத்துவரிடம் போங்கள். அப்பா பாசத்தில் செய்தார், அதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. ஆனால் அந்தப் பதினெட்டு நாள் வீண்தான்.

ஆபரேஷனில் என் தொடையின் பின்பக்கத் தசைநாரை எடுத்துப் புது ஜவ்வாக வைத்துத் தைத்தார்கள். மறுநாளே பிசியோ அக்கா வந்து நின்றார். எப்போது மடக்கலாம் என்று கேட்டேன். "மடக்குறது இருக்கட்டும், முதல்ல முழுசா நீட்டு" என்றார். குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, முட்டியின் பின்பக்கம் மெத்தையை நோக்கி இறங்கும்படி அழுத்த வேண்டும். அழுத்தும்போது தொடையின் முன்தசை இறுக வேண்டும். என் தசை இறுகவே இல்லை. மூளை சொல்கிறது, தொடை கேட்கவில்லை. அதைப் பார்த்துத்தான் முதல்முறையாக அழுதேன். ஆறாவது வாரம் அக்கா டேப் வைத்து இரண்டு தொடைகளையும் அளந்தார். வலது தொடை மூன்றரை சென்டிமீட்டர் இளைத்திருந்தது. அந்த மூன்றரை சென்டிமீட்டரைத் திரும்பக் கொண்டுவருவதுதான் அடுத்த எட்டு மாத வேலை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நான்கைந்து மாதத்தில் முட்டி நன்றாக இருப்பதாகத் தோன்றும். நம்பாதீர்கள். உள்ளே வைத்த ஜவ்வு அப்போதும் பக்குவப்பட்டுக்கொண்டுதான் இருக்கும். ஒன்பது மாதத்துக்கு முன்பு களமிறங்குகிறவர்களுக்குத் திரும்பக் காயம்படும் ஆபத்து மிக அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மீண்டும் விளையாட வரும் 25 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அதே காலிலோ மறுகாலிலோ ஜவ்வு இன்னொரு முறை கிழிகிறது. காலண்டரை மட்டும் நம்பியும் பயனில்லை. ஒற்றைக் காலில் தாண்டும் தூரம், தொடைத் தசையின் பலம் இரண்டிலும் காயம்பட்ட கால் மறுகாலின் 90 சதவீதத்தையாவது எட்ட வேண்டும். ஹாஸ்டல் பின்னால் இருந்த தரையில் சாக்பீஸால் கோடு போட்டு வாரா வாரம் தாண்டிப் பார்ப்பேன். இடது, வலது, இடது, வலது. கோடுகள் நெருங்கி வர வர உயிர் வந்தது.

ஏழாவது மாதத்தில் ஒரு தப்பு செய்தேன். நேராக ஓட அனுமதி கிடைத்திருந்தது, ஆட்டத்துக்கு இல்லை. ஒரு சாயங்காலம் ஜூனியர் பெண் ஒருத்தி, "அக்கா, ஒரு ஆள் குறையுது, சும்மா வந்து நில்லுங்க" என்று கூப்பிட்டாள். பந்து கைக்கு வந்த பிறகு எங்கே சும்மா நிற்பது? பத்து நிமிடம் ஆடினேன். ராத்திரி முட்டி வீங்கியது. மெஸ்ஸிலிருந்து ஐஸ் வாங்கி வந்து வைத்தேன், மறுநாள் முழுநீள டிராக் பேண்ட் போட்டுக்கொண்டு பிராக்டிஸ் பார்க்கப் போனேன், யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பிசியோ அக்கா முட்டியின் ஓரத்தை விரலால் தடவினார். உள்ளே தேங்கியிருந்த நீர் மறுபக்கம் புடைத்தது. மூன்று வாரம் எல்லாப் பயிற்சியும் நின்றது.

விஷயம் எங்கள் கோச் சாருக்கும் போனது. அவர் திட்டவில்லை. "இனி நீ நல்லா இருக்குதுன்னு சொன்னா, நான் எப்படி கண்ணு நம்பறது?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

ஜூலை கடைசியில் எல்லாச் சோதனையும் தேறி, பிசியோ அக்கா எழுதியே கொடுத்துவிட்டார். பிராக்டிஸில் முழுசாக ஆடினேன். மேட்ச் என்று வந்தால் பெஞ்ச்தான். ஆகஸ்ட் போனது, செப்டம்பர் போனது. என் இடத்தில் ஆடிய பெண் நன்றாகவே ஆடினாள். சார் என்னை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். மனசுக்குள் அவர்மேல் கோபம்கூட இருந்தது.

ஒரு நாள் பிராக்டிஸில் ரீபவுண்டுக்கு எம்பி இறங்கியபோது தற்செயலாக சாரைப் பார்த்தேன். கோர்ட்டில் எல்லோரும் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த முறை எம்பியபோது கவனித்துப் பார்த்தேன். அப்போதும் காலைத்தான் பார்த்தார். அவர் மறக்கவே இல்லை, பயந்திருக்கிறார். ஊரிலிருந்து ஒரு பெண் பிள்ளையை நம்பி விட்டிருக்கிறார்கள், தன் கண்ணெதிரே இன்னொரு முறை அந்தச் சத்தம் கேட்டுவிடக் கூடாது என்ற பயம். அந்தப் பயத்தை வளர்த்தவள் நான்தான், டிராக் பேண்ட்டுக்குள் முட்டியை மறைத்து.

அன்றிலிருந்து என் வேலை மாறியது. பழைய ஆட்டத்தைக் காட்டுவதை விட்டுவிட்டு, சாருடைய பயத்தைக் குறைப்பதில் இறங்கினேன்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் அரைப் பக்கத் தாளில் எழுதிக் கொடுத்தேன். வீக்கம் உண்டா இல்லையா, ஒற்றைக் கால் தாண்டல் இடது எவ்வளவு வலது எவ்வளவு, எந்த நாள் எங்கே வலித்தது. வலித்ததை வலித்தது என்றே எழுதினேன். ஒரு வாரம் "வியாழக்கிழமை முட்டிச் சில்லுக்குக் கீழே வலி, பிராக்டிஸைப் பாதியில் நிறுத்தினேன்" என்று எழுதும்போது கை தயங்கியது. ஆனால் அந்தச் சீட்டுதான் மற்ற எல்லாவற்றையும்விட வேலை செய்தது என்று நினைக்கிறேன். கெட்டதையும் சொல்கிறாள் என்றால் நல்லதை நம்பலாம் அல்லவா? முதல் சீட்டை சார் பிரித்துக்கூடப் பார்க்காமல் சட்டைப் பையில் வைத்தார். ஏழாவது வாரம், வெள்ளிக்கிழமையே, "நாளைக்கு சீட்டு வருமில்ல?" என்று கேட்டார்.

காயத்தோடு உட்கார்ந்திருந்த மாதங்களிலேயே ஸ்கோர் டேபிளில் போய் உட்காரப் பழகியிருந்தேன். ஸ்கோர் ஷீட் எழுதக் கற்றுக்கொண்டேன். அது எவ்வளவு பெரிய பள்ளிக்கூடம் என்று கோர்ட்டுக்குள் மட்டுமே இருந்தவர்களுக்குத் தெரியாது. யாருக்கு எத்தனை ஃபவுல், குவார்ட்டரில் டீம் ஃபவுல் நாலைத் தாண்டப் போகிறதா, எதிரணிப் பெண் களைத்தால் எந்தக் கைக்குப் பந்தை மாற்றுகிறாள், எந்த செட்டுக்கு எந்த விரலைக் காட்டுகிறாள், எல்லாம் அங்கிருந்து தெரியும். ஒரு சின்ன நோட்டில் குறித்து வைப்பேன். டைம் அவுட்டில் சார் திரும்பி, "அந்த ஏழாம் நம்பருக்கு எத்தனை?" என்று கேட்பார். "மூணு சார். ரெண்டு ஃபவுல் இடது பக்கம் போறப்ப வாங்கினது" என்பேன்.

இன்னொன்று, ஷூட்டிங். கால் ஊன்ற முடியாத நாட்களில் ரிங்குக்கு இரண்டு மீட்டர் தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒற்றைக் கையால் பந்தை எறிவேன். காலின் பலம் இல்லாதபோது முழங்கை எங்கே வெளியே விலகுகிறது என்பது தெளிவாகத் தெரிந்துவிடும். என் ஃப்ரீ த்ரோ காயத்துக்கு முன்பைவிடப் பிறகுதான் நன்றாக இருக்கிறது.

மேட்ச்சில் ஆட நிமிடம் கேட்பதிலும் ஒரு முறை உண்டு. மேட்ச் அன்று கேட்கக் கூடாது, தோற்ற ராத்திரியில் கேட்கக் கூடாது, அப்பா அம்மாவை விட்டுக் கேட்கவே கூடாது. அக்டோபரில் ஒரு நாள் பிராக்டிஸ் முடிந்து பந்துகளை எடுத்து வைக்கும்போது கேட்டேன். "சார், என்னை ரெண்டே நிமிஷம் இறக்கணும்னாலும், நான் எந்த ஒரு வேலைய சரியாச் செய்யணும்?" அவர் கொஞ்சம் யோசித்தார். "பாக்ஸ் அவுட் பண்ணு. உன் ஆள வலது பக்கம் விடாத. ஷூட்டிங்கப் பத்தி நான் கேக்கல" என்றார். நான் ஷூட்டிங்குக்காகவே கோட்டாவில் எடுக்கப்பட்டவள். அந்தப் பதில் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் கையில் பிடித்துக்கொள்ள ஒரு வேலை கிடைத்தது.

அந்த நாட்களில் அமெரிக்காவின் யூகான் பல்கலைக்கழகத்தில் ஆடிய பெய்ஜ் பெக்கர்ஸைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். 2021-ல் முதலாண்டு மாணவியாக இருக்கும்போதே நாட்டின் சிறந்த கல்லூரி வீராங்கனை விருது வாங்கியவர். அந்த டிசம்பரில் முட்டியில் காயம்பட்டு, 2022 பிப்ரவரியில் திரும்பி வந்தபோது பெஞ்சிலிருந்துதான் இறங்கினார், 13 நிமிடம்தான் ஆடினார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஏசிஎல் கிழிந்து அடுத்த சீசன் முழுவதும் ஆடவில்லை. 2025 ஏப்ரலில் அதே கல்லூரிக்குத் தேசியச் சாம்பியன் பட்டம் வாங்கித் தந்த அணியில் அவர் இருந்தார். அவருக்கே 13 நிமிடம் என்றால் எனக்கு இரண்டு நிமிடம் குறைவில்லை என்று அந்தப் பதிலை ஏற்றுக்கொள்ள முடிந்தது.

நவம்பரில் கல்லூரிகளுக்கு இடையிலான ஒரு போட்டியின் அரையிறுதி. மூன்றாவது குவார்ட்டரில் 2 நிமிடம் 40 விநாடி மிச்சம். என் இடத்தில் ஆடிய பெண்ணுக்கு நாலாவது ஃபவுல். சார் பெஞ்ச் பக்கம் திரும்பினார். என் பெயரைச் சொல்லவில்லை, கையை மட்டும் நீட்டினார். அவர் விரல்கள் என் தோளில் பட்டபோது லேசாக நடுங்கின.

முதல் ஷாட் எதிரணியுடையது. ரிங்கில் பட்டு வெளியே வந்தது. நான் பந்தைப் பார்க்கவில்லை. முதுகால் என் ஆளைத் தேடி, இடுப்பைத் தாழ்த்தி, அவளை வெளியே தள்ளி நின்றேன், சார் கேட்ட பாக்ஸ் அவுட் அதுதான். பந்தை எங்கள் சென்டர் எடுத்தாள். ஸ்கோர் ஷீட்டில் அதற்கு என் பெயருக்கு எதிரே ஒன்றும் வராது. அடுத்து அந்த ஏழாம் நம்பர் வந்தாள். வலது பக்கத்தை அடைத்தேன், இடது பக்கம் போனாள், நோட்டில் எழுதியிருந்தபடியே இடித்து ஃபவுல் வாங்கினாள். பிறகு மூன்று பாயிண்ட் கோட்டுக்கு வெளியே ஆளே இல்லாமல் என் கைக்குப் பந்து வந்தது. பழைய நான் என்றால் யோசிக்காமல் எறிந்திருப்பேன். உள்ளே சென்டர் இன்னும் நல்ல இடத்தில் நின்றாள், கொடுத்துவிட்டேன். கடைசி அரை நிமிடத்தில் டீம் ஃபவுலில் எனக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. இரண்டும் உள்ளே போனது. குவார்ட்டர் முடிந்தது, வெளியே எடுத்துவிட்டார். நாலாவது குவார்ட்டரில் இறக்கவில்லை. இறுதி ஆட்டத்தில் நாலரை நிமிடம் கொடுத்தார். ஜனவரிக்குள் பன்னிரண்டு.

இப்போது அதே கல்லூரியில் எம்.காம். முதலாம் ஆண்டு படிக்கிறேன், டீமிலும் இருக்கிறேன். ஒவ்வொரு பிராக்டிஸுக்கு முன்பும் குதித்து இறங்கும் பயிற்சி பதினைந்து நிமிடம் செய்கிறேன். இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாயாமல் பாதத்துக்கு நேராக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து இறங்குகிறேன். ஜூனியர் பெண்களையும் செய்ய வைக்கிறேன். ஜவ்வு கிழிந்த பிறகு செய்வதைக் கிழிவதற்கு முன்பே செய்யலாமே.

சனிக்கிழமைச் சீட்டை இன்னமும் கொடுக்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் யாராவது இப்போது வீங்கிய முட்டியை டிராக் பேண்ட்டுக்குள் மறைத்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து நாளைக் காலை பிராக்டிஸுக்கு முன்பே உங்கள் கோச்சிடம் சொல்லிவிடுங்கள்.